லேப்ல மைக்ரோ கேப்ஸ்யூல் செஞ்சு செல்லுக்குள்ள அனுப்புறது எப்படி: முதல் தடவை பண்றவங்களுக்கு

எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கோ பிஎச்டி முதல் வருஷத்துக்கோ ட்ரக் டெலிவரி டாபிக் எடுத்துட்டு எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியாம நிக்கிறவங்களுக்காக இத எழுதுறேன். நான் சொல்றது ஒண்ணுதான், எடுத்த உடனே நானோ பக்கம் போகாதீங்க, முதல்ல 4, 5 மைக்ரான் சைஸ்ல கேப்ஸ்யூல் செஞ்சு கைய பழக்குங்க. நானோ பார்ட்டிக்கிள் கண்ணுக்குத் தெரியாது, மெஷின் ஒரு நம்பர் கொடுக்கும், அந்த நம்பர் சரியா தப்பான்னு புதுசா வந்தவங்களுக்குப் புரியாது. 5 மைக்ரான் கேப்ஸ்யூல் அப்படி இல்ல, காலேஜ்ல இருக்கற சாதா மைக்ரோஸ்கோப்ல 40எக்ஸ் லென்ஸ் போட்டா தெரியும், கட்டி ஆயிடுச்சுன்னா தெரியும், உடைஞ்சிருந்தா தெரியும், செல் மேல ஒட்டியிருக்கறதும் தெரியும். கண்ணால பாத்து ஒரு தடவை கத்துக்கிட்டா அப்புறம் 100 நானோமீட்டர்ல வேலை செய்யும்போது உள்ள என்ன நடக்குதுன்னு மனசுல ஓட்டிப் பாக்க முடியும்.

ஐடியா ரொம்ப சிம்பிள். ஒரு உருண்டை எடுத்துக்கறோம், அது மேல மைனஸ் சார்ஜ் உள்ள பாலிமர் ஒரு கோட், அதுக்கு மேல பிளஸ் சார்ஜ் உள்ள பாலிமர் ஒரு கோட், மறுபடி மைனஸ், மறுபடி பிளஸ், பொங்கலுக்கு சுவத்துக்கு வெள்ளையடிக்கற மாதிரி ஒரு கோட் பிடிச்ச அப்புறம் அடுத்த கோட். கடைசியா உள்ள இருக்கற உருண்டைய கரைச்சு எடுத்துட்டா வெறும் ஓடு மட்டும் நிக்கும். தட்டையான பரப்பு மேல இப்படி பிளஸ் மைனஸ் அடுக்குற வேலைய 1990கள் ஆரம்பத்துல கெரோ டெஷர் வளத்தாரு, அத உருண்டை மேல பண்ணி உள்ளத கரைச்சு காலி கேப்ஸ்யூல் ஆக்கிக் காட்டுனது 1998ல, ஜெர்மனி மாக்ஸ் பிளாங்க் கொலாய்டு ஆராய்ச்சி நிலையத்துல ஹெல்முட் மோவால்ட் கூட இருந்த டோனாத், சுகோருகோவ், கருசோ இவங்கல்லாம். அப்போ உள்ள வெச்சது மெலமின் ஃபார்மால்டிஹைட் உருண்டை, அத கரைக்க நல்ல ஸ்ட்ராங் ஆசிட் வேணும், ப்ரோட்டீன் மாதிரி சரக்கு அதுல தாங்காது, கரைஞ்சதோட மிச்சமும் உள்ளயே தங்கிடும். அதனால அப்புறம் கால்சியம் கார்பனேட்டுக்கு வந்தாங்க. சாக்குன்னு சொல்ற இயற்கை சுண்ணாம்புக் கல்லுக்கும் முட்டை ஓட்டுக்கும் உள்ள அதே கெமிக்கல்தான், விலை கம்மி, மைல்டா கரையும், முக்கியமா அதுல நுண்ணிய துளைங்க நிறைய இருக்கறதால மருந்து உள்ள போய் உக்காரும்.

முதல்ல உருண்டை. 0.33 மோலார் கால்சியம் குளோரைடு, 0.33 மோலார் சோடியம் கார்பனேட், ரெண்டு சொல்யூஷன் போதும். இங்கயே ஒரு தப்பு நடக்கும், பாட்டில் லேபிள பாருங்க, கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்டா அன்ஹைட்ரஸான்னு. டைஹைட்ரேட்னா 10 மில்லிக்கு 0.485 கிராம், அன்ஹைட்ரஸ்னா 0.366 கிராம், மாத்தி எடுத்தீங்கன்னா கான்சன்ட்ரேஷன் கால்வாசி தள்ளிப் போயிடும், அப்புறம் சைஸ் ஏன் பேப்பர்ல இருக்கற மாதிரி வரலன்னு ஒரு மாசம் தேடுவீங்க. நானும் தேடியிருக்கேன், கடைசியில யாரோ பழைய பாட்டில் தீர்ந்து புதுசு வாங்கி வெச்சிருந்தாங்க, அது வேற வகை, நான் லேபிள பாக்கல. சோடியம் கார்பனேட் அன்ஹைட்ரஸ் 10 மில்லிக்கு 0.35 கிராம். ரெண்டையும் 0.22 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டிடுங்க, தூசி ஒண்ணு இருந்தாலும் அது மேல கிரிஸ்டல் வளர ஆரம்பிச்சிடும்.

சின்ன பீக்கர்ல 1 மில்லி கால்சியம் குளோரைடு ஊத்தி மேக்னட்டிக் ஸ்டிரர்ல நல்ல வேகத்துல சுத்த விட்டு, 1 மில்லி சோடியம் கார்பனேட்ட ஒரே தடவையில பட்டுனு ஊத்தணும், சொட்டு சொட்டா விட்டா ஒவ்வொரு சொட்டும் ஒவ்வொரு சைஸ் உருண்டை கொடுக்கும். உடனே பால் மாதிரி வெளுக்கும். 30 செகண்ட் சுத்தினதும் ஸ்டிரர ஆஃப் பண்ணிட்டு 10, 15 நிமிஷம் அப்படியே விடுங்க, அந்த நேரத்துலதான் குழகுழன்னு இருக்கறது உருண்டையா சேரும். ஊத்துற ஸ்பீடு, சுத்துற ஸ்பீடு, ரூம் டெம்பரேச்சர் எல்லாமே சைஸ மாத்தும், ஏப்ரல் மாசம் ஏசி இல்லாத ரூம்ல வர்றதும் டிசம்பர்ல வர்றதும் ஒண்ணா இருக்காது, அதனால நோட்டுல அன்னிக்கு டெம்பரேச்சர் எழுதி வைங்க.

அடுத்தது நேரத்தோட ஓட்டம். நமக்கு வேண்டியது வேட்டரைட்ங்கற வகை, உருண்டையா துளைத் துளையா இருக்கும். இத தண்ணியில சும்மா போட்டு வெச்சா கொஞ்ச மணி நேரத்துல கால்சைட்டா மாறிடும், அது கெட்டி கிரிஸ்டல், துளை கிடையாது, உள்ள வெச்ச சரக்கையும் வெளிய தள்ளிடும். மைக்ரோஸ்கோப்ல ஈசியா கண்டுபிடிக்கலாம், உருண்டையா இருந்தா வேட்டரைட், கல்கண்டு மாதிரி பட்டை பட்டையா இருந்தா கால்சைட். அதனால 15 நிமிஷம் ஆனதும் தண்ணியில ரெண்டு தடவை சீக்கிரமா கழுவி, உடனே முதல் கோட்டுக்குப் போயிடுங்க, இன்னிக்கு டைம் இல்லன்னா எத்தனால்ல கழுவி காய வெச்சு பவுடரா எடுத்து வைங்க. டீ குடிச்சிட்டு வந்து பாத்துக்கலாம்னு தண்ணியில விடாதீங்க.

மருந்த எப்ப உள்ள வைக்கறது? ரெண்டு வழி இருக்கு, உருண்டை செய்யும்போதே சேர்க்கறது ஒண்ணு, செஞ்ச உருண்டைய ஊற வெச்சு துளைக்குள்ள உறிஞ்ச விடறது இன்னொண்ணு. செய்யும்போதே சேர்த்தா உள்ள அதிகம் தங்கும். கால்சியம் குளோரைடு சொல்யூஷன்ல கலந்துக்கங்க, சோடியம் கார்பனேட்ல வேண்டாம், அதோட பிஎச் 11க்கு மேல, ப்ரோட்டீன் கெட்டுப் போகும். முதல் தடவைக்கு நிஜ மருந்து எடுக்காதீங்க, எஃப்ஐடிசிங்கற ஒளிரும் டை ஒட்டின ஆல்புமினோ எஃப்ஐடிசி ஒட்டின பெரிய டெக்ஸ்ட்ரானோ எடுங்க, பச்சையா ஒளிரும், எங்க இருக்குன்னு தெரியும். ஏன் பெரிசு வேணும்னா இந்த பாலிமர் சுவர் ஒரு வலை மாதிரிதான், சின்ன மூலக்கூறு எல்லாம் ஓடிடும். டாக்ஸோரூபிசின்ங்கற கேன்சர் மருந்து மாதிரி 500 சொச்சம் டால்டன் உள்ளத சும்மா உள்ள போட்டு மூடிட்டேன்னு நெனச்சா மறுநாள் வெளியதான் இருக்கும், அத பிடிச்சு வைக்க கேப்ஸ்யூலுக்குள்ள மைனஸ் சார்ஜ் பாலிமர் வெச்சு இழுத்து வைக்கற மாதிரி வேற ஏற்பாடு பண்ணணும்.

எவ்வளவு உள்ள போச்சுன்னு கணக்கு எடுக்க, கழுவுற தண்ணி ஒவ்வொண்ணையும் தூக்கிப் போடாம சேத்து வைங்க. மொத்தம் போட்டது கழித்தல் வெளிய வந்தது, மீதி உள்ள. இதுல ஒரு கண்ணி இருக்கு, எஃப்ஐடிசியோட ஒளி பிஎச்ச பொறுத்து மாறும், கார்பனேட் தண்ணியில பளிச்சுன்னு இருக்கும், பிஎச் குறைஞ்சா மங்கும். அதனால ஸ்டாண்டர்டு கர்வையும் சாம்பிளையும் ஒரே பஃபர்லதான் போடணும், இத விட்டுட்டு 110 சதவீதம் உள்ள போயிருக்குன்னு ரிசல்ட் காட்டுனவங்கள நான் பாத்திருக்கேன்.

இப்ப கோட்டிங். மைனஸுக்கு பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட், எல்லாரும் பிஎஸ்எஸ்னு சொல்வாங்க, பிளஸுக்கு பாலி அல்லைலமின் ஹைட்ரோகுளோரைடு, அது பிஏஎச். ரெண்டுமே மில்லிக்கு 2 மில்லிகிராம், 0.5 மோலார் உப்புத் தண்ணியில. உப்பு எதுக்குன்னா, வெறும் தண்ணியில பாலிமர் செயின் தன்னோட சார்ஜாலயே ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டு விறைப்பா நீட்டி நிக்கும், உருண்டை மேல தட்டையா மெல்லிசா படியும், உப்பு இருந்தா அந்த தள்ளுமுள்ளு அடங்கி செயின் சுருண்டுக்கும், கோட் தடிமனா விழும். 10 மில்லிக்கு 0.29 கிராம் சாதா சோடியம் குளோரைடு போதும். பிஏஎச்ச கரைச்சதும் பிஎச் பாருங்க, கண்டிப்பா பாருங்க, அது ஹைட்ரோகுளோரைடு உப்புங்கறதால ஆசிட் பக்கம் இருக்கும், அப்படியே ஊத்துனா உங்க கால்சியம் கார்பனேட் உருண்டை கரைய ஆரம்பிச்சிடும். சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு 6.5லருந்து 7க்குள்ள கொண்டு வாங்க. நான் ரெண்டாவது கோட் முடிச்சு பாத்தப்ப பெல்லட், அதாவது டியூப் அடியில படியற உருண்டைங்க, பாதியா குறைஞ்சு போயிருந்தது, சென்ட்ரிஃபியூஜ் சரியில்லன்னு நெனச்சு அதையே ரெண்டு நாள் குறை சொல்லிட்டு இருந்தேன், பிஎச் பேப்பர் ஒண்ணு நனைச்சிருந்தா அஞ்சு செகண்ட்ல தெரிஞ்சிருக்கும்.

முதல் கோட் பிஎஸ்எஸ். பெல்லட்ல 1 மில்லி ஊத்தி நல்லா கலக்கி 15 நிமிஷம் ஷேக்கர்ல விடுங்க, அப்புறம் சென்ட்ரிஃபியூஜ், மேல இருக்கற தண்ணிய எடுத்துட்டு சுத்தத் தண்ணியில மூணு தடவை கழுவுங்க. அடுத்து பிஏஎச், அதே மாதிரி. மூணு தடவை கழுவணும்னா மூணு தடவை கழுவணும், மொத்த வேலையும் இதுலதான் நிக்குது. ஒட்டாம மிச்சமிருக்கற பிஎஸ்எஸ் தண்ணியில இருக்கும்போது பிஏஎச் ஊத்துனா ரெண்டும் தங்களுக்குள்ள சேர்ந்து வெள்ளை வெள்ளையா திரிஞ்ச பால் மாதிரி ஆகும், அது உங்க உருண்டைங்களையும் சேர்த்து ஒட்டிப் பிடிச்சிடும், கட்டி ஆனத அப்புறம் பிரிக்கவே முடியாது. ஒவ்வொரு பாலிமர் ஊத்தறதுக்கு முன்னாடி டியூப்ப பாத் சோனிகேட்டர்ல அஞ்சு பத்து செகண்ட் காட்டிட்டு ஒரு சொட்டு மைக்ரோஸ்கோப்ல பாத்துடுங்க, தனித்தனியா மிதக்குதான்னு. ரெண்டாவது கோட்லயே கட்டி தெரிஞ்சா அந்த பேட்ச்ச விட்டுடுங்க, ஏழாவது கோட் வரைக்கும் இழுத்துட்டுப் போய் மனசு உடையறத விட அது நல்லது.

சென்ட்ரிஃபியூஜ் பத்தி ஒண்ணு. பேப்பர்ல 3000 ஆர்பிஎம்னு போட்டிருந்தா அதுக்கு அர்த்தமே இல்ல, எந்த ரோட்டர்னு தெரியணும். 1.118 பெருக்கல் 10 அடுக்கு மைனஸ் 5, அத ரோட்டர் ஆரத்தால சென்டிமீட்டர்ல பெருக்கி, ஆர்பிஎம்மோட வர்க்கத்தால பெருக்குனா ஜி வரும். 8 சென்டிமீட்டர் ரோட்டர்ல 3000 ஆர்பிஎம் சுமார் 800 ஜி, 16 சென்டிமீட்டர் ரோட்டர்ல அதே 3000 சுமார் 1600 ஜி, டபுள். சாக் உருண்டை கனமானது, சில நூறு ஜி ஒரு நிமிஷம் போதும், வேகமா சுத்துனா அடியில கல்லு மாதிரி அமுங்கி ஒட்டிக்கும்.

ஒவ்வொரு கோட்டும் விழுந்துச்சான்னு பாக்க ஜீட்டா பொட்டன்ஷியல் எடுங்க, உருண்டை மேல இருக்கறது பிளஸா மைனஸான்னு அது காட்டும். பிஎஸ்எஸ் மேல இருந்தா மைனஸ் வரணும், பிஏஎச் மேல இருந்தா பிளஸ், மாறி மாறி ரம்பப் பல்லு மாதிரி கிராஃப் வரணும். நம்பர் எவ்வளவுங்கறத விட குறி மாறுதாங்கறதுதான் முக்கியம், 5 மைக்ரான் உருண்டை செல்லுக்குள்ள, அதாவது அந்த அளக்கற டப்பாக்குள்ள, அடியில உக்காந்துடும், அதனால கலக்கின உடனே சட்டுனு அளந்துடணும். மொத்தம் 6லருந்து 8 கோட். ஒரு கோட் சில நானோமீட்டர்தான், எட்டு கோட் போட்டாலும் சுவர் 20 நானோமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும், 5 மைக்ரான் உருண்டைக்கு அது வெங்காயத் தோல் கூட இல்ல.

இனிமே உள்ள இருக்கற சாக்க கரைக்கணும். அதுக்கு கால்சியத்த பிடிச்சு இழுக்கற இடிடிஏ, 0.2 மோலார், பிஎச் 7லருந்து 7.5. டைசோடியம் இடிடிஏ தண்ணியில போட்டா மெதுவாத்தான் கரையும், சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பிஎச் 8 பக்கம் கொண்டு போனா சீக்கிரம் தெளியும், அப்புறம் கீழ இறக்கிக்கலாம். எவ்வளவு ஊத்தணும்னு கணக்கு போடுங்க. 1 மில்லியும் 1 மில்லியும் கலந்ததுல அதிகபட்சம் 33 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் வரும், அது 0.33 மில்லிமோல், ஒரு இடிடிஏ ஒரு கால்சியத்தத்தான் பிடிக்கும், 0.2 மோலார்ல 1 மில்லி ஊத்துனா 0.2 மில்லிமோல்தான், பத்தாது. 2 மில்லி ஊத்தி அரை மணி நேரம் மெதுவா ஆட்டி, மாத்தி மறுபடி ஊத்துங்க, ரெண்டு மூணு ரவுண்டு. வெள்ளையா இருந்தது கண்ணாடி மாதிரி தெளிஞ்சு லேசா மங்கலா நிக்கும், அப்ப சாம்பிள் போயிடுச்சுன்னு பயந்துடாதீங்க, கேப்ஸ்யூல் இருக்கு, ஒளிய சிதறடிக்கற சாக்குதான் போயிருக்கு. மைக்ரோஸ்கோப்ல வெறும் வளையம் தெரியும். இங்கருந்து எல்லாமே மென்மையா பண்ணணும், சோனிகேட்டர் வேண்டாம், வோர்டெக்ஸ் வேண்டாம், கேப்ஸ்யூல் இப்ப கனமில்லாதது அதனால சென்ட்ரிஃபியூஜ்ல வேகத்த கூட்டாம நேரத்த கூட்டுங்க, அடியில லேசா படிஞ்சத உறிஞ்சிடாம மேல இருக்கற தண்ணிய கொஞ்சம் மிச்சம் விட்டு எடுங்க. காய வெச்சு எஸ்ஈஎம்ங்கற எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல பாத்தா காத்து போன பலூன் மாதிரி சுருங்கி மடிப்பு மடிப்பா கிடக்கும், அது சரிதான், உள்ள காலிங்கறதுக்கு அதுதான் அடையாளம். உருண்டையாவே நின்னா சாக்கு இன்னும் உள்ள இருக்குன்னு அர்த்தம். ஸ்டாக்க தண்ணியில 4 டிகிரியில வைங்க, ஃப்ரீசர்ல வைக்காதீங்க.

செல் மேல போடறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். ஒண்ணு, ஸ்டெரிலைஸ் பண்றது. கடைசியில 0.22 ஃபில்டர்ல வடிகட்டிக்கலாம்னு நெனைக்காதீங்க, 5 மைக்ரான் கேப்ஸ்யூல் அத்தனையும் ஃபில்டர் மேலயே நின்னுடும், கீழ வெறும் தண்ணிதான் வரும். ஆட்டோகிளேவ் சூட்டுல ஓடு சுருங்கிடும். ஆரம்பத்துலருந்தே எல்லா சொல்யூஷனையும் வடிகட்டி ஹூட்டுக்குள்ள வேலை பண்றதுதான் வழி. ரெண்டாவது, இடிடிஏ மிச்சம். செல் கல்ச்சர்ல டிஷ்லருந்து செல்ல பிரிச்செடுக்க ட்ரிப்சின் கூட ஊத்தறோமே, அதே இடிடிஏதான் இது. சரியா கழுவாம போட்டா மறுநாள் செல் எல்லாம் உருண்டு மிதக்கும், கேப்ஸ்யூல் விஷம்னு முடிவு பண்ணிடுவீங்க. கடைசி கழுவுன தண்ணிய மட்டும் தனியா ஒரு கிணத்துல, அதாவது ஒரு வெல்லுல, செல் மேல ஊத்திப் பாருங்க, அதுல செல் நல்லா இருந்தா இடிடிஏ போயிடுச்சு.

எவ்வளவு போடறதுங்கறத மில்லிக்கு இத்தனை மைக்ரோகிராம்னு கணக்கு வைக்காதீங்க. கேப்ஸ்யூல் கீழ விழுந்து செல் மேல உக்காரும், அதனால ஒரு செல்லுக்கு எத்தனை கேப்ஸ்யூல்ங்கறதுதான் கணக்கு. செல் எண்ணுற அதே நியூபவர் சேம்பர்ல கேப்ஸ்யூலையும் எண்ணலாம், ஒரு பெரிய கட்டத்துல சராசரி எத்தனையோ அத 10,000ஆல பெருக்கி எத்தனை மடங்கு டைல்யூட் பண்ணீங்களோ அதாலயும் பெருக்குனா ஒரு மில்லிக்கு எத்தனைன்னு வந்துடும். ஒரு செல்லுக்கு 5லருந்து 10 போதும். 50 போட்டா படம் ஜோரா இருக்கும், ஆனா செல் எங்க இருக்குன்னே தெரியாது.

இப்ப முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். 24 மணி நேரம் கழிச்சு பாக்கறீங்க, செல் மேல பச்சைப் புள்ளி, உடனே உள்ள போயிடுச்சுன்னு சொல்லத் தோணும். உள்ள போச்சா, மேல ஒட்டிக்கிட்டு இருக்கா? இந்த ஒரு கேள்விய யாராவது கேட்டா பதில் சொல்ற மாதிரி எக்ஸ்பெரிமென்ட் இருக்கணும், இல்லன்னா இவ்வளவு நாள் செஞ்சதுக்கு அர்த்தமில்ல. மேலருந்து எடுத்த ஒரே ஒரு படம் எதையும் நிரூபிக்காது, கூரை மேல உக்காந்த காக்காவும் வீட்டுக்குள்ள இருக்கற காக்காவும் வானத்துலருந்து பாத்தா ஒரே இடத்துலதான் தெரியும். கன்ஃபோக்கல் மைக்ரோஸ்கோப்ல அடியிலருந்து மேல வரைக்கும் அடுக்கடுக்கா ஸ்கேன் எடுத்து, பக்கவாட்டு வெட்டு பாருங்க, செல்லோட மெம்பிரேனுக்கு வேற கலர் கொடுத்திருந்தா கேப்ஸ்யூல் அந்த கோட்டுக்கு உள்ளயா வெளியயான்னு தெளிவா தெரியும்.

கன்ஃபோக்கல் இல்லாத இடத்துல ட்ரிப்பான் புளூங்கற நீலச் சாயம் இருக்கு, எல்லா செல் கல்ச்சர் லேப்லயும் இருக்கும். உயிரோட இருக்கற செல்லுக்குள்ள அது போகாது, வெளிய இருக்கற எஃப்ஐடிசியோட பச்சைய அது அணைச்சிடும். ஊத்துனதுக்கு அப்புறமும் பச்சையா நிக்கறதுதான் உள்ள இருக்கறது. செல்ல ஃபிக்ஸ் பண்றதுக்கு, அதாவது கெமிக்கல் ஊத்தி அப்படியே நிறுத்தி வைக்கறதுக்கு, முன்னாடி இத பண்ணணும், ஃபிக்ஸ் பண்ண செல்லுக்குள்ள ட்ரிப்பான் புளூ தாராளமா போகும், அப்ப எல்லாமே அணைஞ்சிடும். இது கூட 4 டிகிரி கண்ட்ரோல் ஒண்ணு வைங்க, குளிர்ல செல் எதையும் விழுங்காது, ஆனா மேல ஒட்டறது ஒட்டும். 37லயும் 4லயும் ஒரே அளவு பச்சை வந்தா நீங்க பாக்கறது ஒட்டிக்கிட்டு இருக்கறதத்தான். செல்ல ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, ஒண்ணு ரெண்டு மணி நேரம், 37ல வைக்கறதும் அதே நேரம். இன்னொரு கண்ட்ரோல் வெறும் டை, கேப்ஸ்யூல் இல்லாம. கேப்ஸ்யூல்லருந்து கசிஞ்ச டை செல்லுக்குள்ள போயிருந்தாலும் பச்சைதான தெரியும்.

சரி, உள்ள போயிடுச்சு. ஆனா செல்லுக்குள்ள எங்க? விழுங்குன கேப்ஸ்யூல் ஒரு பைக்குள்ள மாட்டிக்கும், அந்தப் பை கொஞ்சம் கொஞ்சமா ஆசிட் ஆகி கடைசியில லைசோசோமா முடியும், அங்க பிஎச் 4.5லருந்து 5, செரிக்கற என்சைம் நிறைய. உங்க மருந்து வேலை செய்யற இடம் சைட்டோபிளாசமோ நியூக்ளியஸோவா இருந்தா அது இன்னும் போய்ச் சேரல, வயித்துல இருக்கு அவ்வளவுதான். இங்க எஃப்ஐடிசி மறுபடி ஏமாத்தும், ஆசிட்ல மங்கறதால மருந்து வெளிய வந்துடுச்சுன்னு நீங்க நெனப்பீங்க, நிஜத்துல அது லைசோசோம்ல பத்திரமா உக்காந்திருக்கும். ஜெர்மனியில வோல்ஃப்காங் பராக் குழு 2007ல இதையே நல்லதா மாத்திக்கிட்டாங்க, பிஎச்சுக்கு கலர் மாறுற ஸ்னார்ஃப்ங்கற டைய கேப்ஸ்யூலுக்குள்ள வெச்சாங்க, செல்லுக்கு வெளிய சிவப்பு, விழுங்குனதும் பச்சை. உள்ள போச்சா இல்லையாங்கற கேள்விக்கு ஒவ்வொரு கேப்ஸ்யூலும் தானே பதில் சொல்லுது, எனக்கு இந்த ஃபீல்டுல ரொம்பப் பிடிச்ச எக்ஸ்பெரிமென்ட் அது.

பையிலருந்து வெளிய கொண்டு வர என்ன வழின்னா, சுவர்ல தங்க நானோ துகள் பதிச்சு லேசர் அடிக்கறது ஒண்ணு, தங்கம் சூடாகி சுவர் கிழிஞ்சு சரக்கு சைட்டோபிளாசத்துல கொட்டும், உயிரோட இருக்கற செல்லுக்குள்ளயே 2006ல செஞ்சு காட்டிட்டாங்க. டிஷ்ல அழகா வேலை செய்யுது, உடம்புக்குள்ள ஆழமா இருக்கற கட்டிக்கு லேசர் எட்டணுமே, அதுதான் சிக்கல். பிஎஸ்எஸ், பிஏஎச் சுவர் செல்லுக்குள்ள கரையாது, அதனால கையப் பழக்கின அப்புறம் பாலி ஆர்ஜினினும் டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட்டும் வெச்சு அதே முறையில செய்யுங்க, அத செல்லோட என்சைம் தானே அறுத்துடும். டைசல்ஃபைடு கட்டு வெச்ச சுவரும் உண்டு, அந்தக் கட்ட அறுக்கற குளூட்டாத்தயோன் செல்லுக்குள்ள மில்லிமோலார் கணக்குல இருக்கு, வெளிய மைக்ரோமோலார் கணக்குலதான், அதனால வெளிய கெட்டியா நின்னு உள்ள போனதும் அவிழும்.

டார்கெட்டிங்னு சொல்லி, அதாவது ஃபோலேட் ரிசெப்டர் அதிகம் உள்ள செல்ல மட்டும் பிடிக்கட்டும்னு, ஃபோலிக் ஆசிட் ஒட்டறவங்க ஒண்ண கவனிங்க. செல் வளக்கற ஆர்பிஎம்ஐ 1640 மீடியத்துல லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் ஏற்கனவே இருக்கு, டிஎம்ஈஎம்ங்கற இன்னொரு மீடியத்துல 4 மில்லிகிராம். ரிசெப்டர் எல்லாத்துலயும் அது போய் உக்காந்துக்கும், உங்க கேப்ஸ்யூலுக்கு இடமே இருக்காது. ஃபோலேட் இல்லாத மீடியம் வாங்கி அதுல செல்ல வளத்து அப்புறம் பண்ணுங்க. ரிசெப்டர் அதிகம் உள்ள ஹீலா, கம்மியா உள்ள ஏ549ங்கற ரெண்டு கேன்சர் செல் வகையையும் பக்கத்துல பக்கத்துல வைங்க, ஒரு வெல்லுல வேணும்னே ஃபோலிக் ஆசிட் தனியா அதிகமா சேத்து, கேப்ஸ்யூல் போறது குறையுதான்னு பாருங்க. குறையலன்னா போனது டார்கெட்டிங்கால இல்ல. பிளஸ் சார்ஜ் வெளிய இருந்தா எந்த செல் மேலயும் ஒட்டும்ங்கறதையும் மறக்காதீங்க, கடைசி கோட் மைனஸ்ல முடிச்சு அதுக்கு மேல டார்கெட் ஒட்டுனாத்தான் ஒப்பிட முடியும். அப்புறம் சீரம் இருக்கற மீடியம்லயும் ஒரு தடவை பண்ணுங்க, ப்ரோட்டீன் எல்லாம் மேல படிஞ்சு ஒட்டுன மூலக்கூற மூடிடும்.

நானோவுக்கு எப்ப போறதுன்னா, இவ்வளவும் கைக்கு வந்த அப்புறம். 5 மைக்ரான் கேப்ஸ்யூல ரத்தத்துல ஏத்த முடியாது, நுரையீரல்ல இருக்கற தந்துகி குழாய் 5லருந்து 8 மைக்ரான்தான், அடைச்சுக்கும். உருண்டை செய்யும்போது எத்திலீன் கிளைக்கால் சேத்தா மைக்ரானுக்குக் கீழ கொண்டு வரலாம். மருந்துக் கடை வரைக்கும் வந்தது எல்லாம் இன்னும் சின்னது, 1995ல அமெரிக்காவுல அனுமதி வாங்குன டாக்ஸில், டாக்ஸோரூபிசின உள்ள வெச்சு 100 நானோமீட்டருக்குள்ள இருக்கற லிப்போசோம், அதாவது கொழுப்புப் பை, அது தட்டுப்பாடு ஆனப்ப 2012ல நம்ம சன் ஃபார்மாவோட லிப்போடாக்ஸ அங்க இறக்குமதி பண்ண விட்டாங்க. 2018ல வந்த ஆன்பாட்ரோங்கற ஆர்என்ஏ மருந்துல இருக்கற லிப்பிட், அதாவது கொழுப்பு, ரத்தத்துல சார்ஜ் இல்லாம இருந்து, பையோட ஆசிட்ல மட்டும் பிளஸ் ஆகுற மாதிரி டிசைன் பண்ணது. அப்படி டிசைன் பண்ண லிப்பிட் துகள்லயே ஆர்என்ஏல 1, 2 சதவீதம்தான் பையிலருந்து தப்பிக்குதுன்னு 2013ல அளந்தாங்க. டொரான்டோவுல வாரன் சான் குழு 2016ல, அதுக்கு முன்னாடி பத்து வருஷத்துல வந்த பேப்பர்கள சேத்துப் பாத்தப்ப, ஊசியில ஏத்துனதுல நடுமதிப்பா 0.7 சதவீதம்தான் கட்டிக்குப் போய்ச் சேருது. மீதியில பெரும்பகுதிய கல்லீரலும் மண்ணீரலும் பிடிச்சுக்குது. அதனால உங்க டிஷ்ல 80 சதவீத செல்லுல பச்சை தெரிஞ்சா சந்தோஷப்படுங்க, ஆனா தீசிஸ்ல கேன்சருக்கு மருந்து ரெடின்னு எழுதாதீங்க, அத நம்பிப் படிக்கறவங்க வீட்டுல நோயாளி இருக்கலாம்.

முதல் தடவை செல் போடறப்ப எட்டு வெல் உள்ள சேம்பர் ஸ்லைடு ஒண்ணு எடுத்துக்கங்க, முந்தின நாள் வெல்லுக்கு 25,000 ஹீலா. ஒண்ணுல செல் மட்டும், ஒண்ணுல கடைசி கழுவுன தண்ணி, ஒண்ணுல வெறும் டை, ஒண்ணுல டை இல்லாத காலி கேப்ஸ்யூல், ரெண்டுல உங்க நிஜ கேப்ஸ்யூல் 24 மணி நேரத்துக்கு, அதுல ஒண்ணுக்கு கடைசியில ட்ரிப்பான் புளூ. மிச்சம் ரெண்டுல 2 மணி நேரம் மட்டும் வைக்கற கேப்ஸ்யூல், ஒண்ணு 37 டிகிரிக்கு ஒண்ணு 4 டிகிரிக்கு. 4 டிகிரிக்குப் போறது அதே ஸ்லைடுல இருந்தா குளிர வைக்க முடியாது, அத மட்டும் தனி ஸ்லைடுல போட்டுட்டு, காலியான வெல்லுல நிஜ கேப்ஸ்யூலையே இன்னொரு தடவை போட்டுக்கங்க. எந்த வெல்லுல எதுன்னு மூடி மேல எழுதாதீங்க, மூடி மாறிடும், ஸ்லைடோட கண்ணாடி ஓரத்துல எழுதுங்க.